ஒரு சுழி கூடுதல்

ஜூன் 8, ஞாயிறு

என் பெயர் சின்னக்காளை. இதை நானே எழுதினேன்.

நேற்று முதியோர் வகுப்பில் டீச்சர் எங்கள் எல்லோருக்கும் ஒரு நோட்டும், தலையில் ரப்பர் வைத்த ஒரு பென்சிலும் கொடுத்தார். "தினமும் ஏதாச்சும் எழுதுங்கய்யா. சோறு தின்னதை எழுதினாலும் சரிதான்" என்றார். இன்று காலை பழைய சோறும் பச்சை மிளகாயும் சாப்பிட்டேன். இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் பசித்துவிட்டது.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கினேன். இப்போது இடுப்பு விட்டுப்போனதால் ஒரு வெங்காய குடோனில் பகல் காவல். இன்று அங்கே உட்கார்ந்து சாக்குகளைப் படித்தேன். நான் முதுகில் சுமந்த சாக்குகளில் எழுத்து இருந்திருக்கிறது! அத்தனை வருடமும் என் முதுகுக்கு அது தெரியவில்லை. ஒரு சாக்கில் 'கொக்கி போடாதீர்' என்று இருந்தது. நாற்பது வருடமும் நான் கொக்கி போட்டுத்தான் தூக்கினேன்.

ஜூன் 11, புதன்

தண்ணீர் பிடித்தேன். ரேஷனில் பருப்பு வரவில்லை. 'ஞ' இன்னும் கைக்கு வரவில்லை.

ஜூன் 14, சனி

இன்று பெரிய பாடம். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. டீச்சர் கேட்டார்: "உங்க வீட்டுல யாரு பேர்லயாச்சும் மூணு சுழி வருதாய்யா?"

"மக பேரு தவமணி."

"அப்ப மூணு சுழி உங்க மக எழுத்து. இனி மறக்கவே மறக்காது."

மறக்கவில்லை. அதுதான் இப்போது தொல்லை. கை எங்கே போனாலும் மகள் எழுத்தையே போடுகிறது. வானம் என்று எழுதச் சொன்னார், வாணம் என்று எழுதிக் கொடுத்தேன். வாணம் என்றால் வெடியாம். "வானத்துல வெடி வச்சுட்டீங்களே ஐயா" என்று டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு சுழி கூடினால் வானம் வெடித்துவிடுகிறது! இப்படி ஒரு சங்கதி என் பக்கத்திலேயே இவ்வளவு காலம் இருந்திருக்கிறது. இனிமேல் சந்தேகம் வந்தால் பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்த பிறகுதான் இந்த நோட்டில் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தவமணியிடம் அவள் பெயரைக் காட்டினேன். அவள் ஓட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள். கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்த மாதிரி உட்கார்வாள். நோட்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

தவமணிக்குப் பேச்சு குறைவு.

ஜூன் 17, செவ்வாய்

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிலோபர் என்ற பெண் வந்தார். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கையில் சிலேட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர். ஏழை வீடுகளாகப் பார்த்துப் போய், சர்க்கார் கொடுப்பதை யார் வாங்குகிறார்கள், யார் வாங்காமல் இருக்கிறார்கள், ஏன் வாங்கவில்லை என்று ஆராய்கிறார்களாம். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு அதிசயம். வாங்குகிறவனைப் பற்றித்தான் ஊரே பேசும். வாங்காதவனைத் தேடி ஒருவர் வெயிலில் வருகிறார்!

"வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேருய்யா?"

"ஒருத்தரு. எழுதிக்க தாயி. நாந்தான்" என்றேன்.

"ஆமா, கலெக்டரு" என்றாள் என் மனைவி அழகம்மா.

முதியோர் உதவித்தொகை வாங்குகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்றார். இந்த ஏனை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். ஆபீசில் மைப்பெட்டியை நீட்டுவார்கள். அங்கிருக்கிறவர் என் பெருவிரலைத் தன் கையால் பிடித்து, சின்னப் பிள்ளை விரலைப் போல உருட்டுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே போகவில்லை. நிலோபர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். என் வெட்கம் இப்போது சென்னையில் இருக்கிறது.

பிறகு வேறு மாதிரிக் கேள்விகள் வந்தன. "கடந்த ரெண்டு வாரத்துல வீட்டுல யாருக்காச்சும் எதுலயும் நாட்டம் இல்லாம, தூக்கம் பிடிக்காம, யாருகூடயும் பேசாம..."

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள் அழகம்மா. கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் வெங்காயம் உரிக்கும் கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"காப்பீட்டு அட்டை வச்சிருக்கீங்கள்ல? மனசு சம்பந்தமான வைத்தியத்துக்கும் அது உதவுமான்னு யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"மனசுக்கு எவன்மா காசு குடுப்பான்? உடம்புக்கே இழுத்தடிக்கிறாக."

நிலோபர் எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற ஒரு தாளை எங்களுக்கும் கொடுத்தார். என்னென்ன உதவி எங்கே கிடைக்கும் என்று அதில் இருக்கிறதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 18, புதன்

தாளைக் குடோனுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பொடி எழுத்து. கடைசி வரிக்கு வந்தபோது சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

'மணநல ஆலோசனை இலவசம். வியாழன்தோறும் காலை. அரசு மருத்துவமனை, அறை எண் 9.'

மணநலம் என்ற சொல் எங்கள் புத்தகத்தில் இல்லை. திருமணம் இருக்கிறது. மூன்று சுழி, என் மகள் எழுத்து. சர்க்கார் ஏழைகளின் கல்யாணத்தையும் யோசித்து, உட்கார வைத்துப் பேச ஆளைப் போட்டிருக்கிறது! என் மகளுக்கு வயது முப்பத்தைந்து.

சாயங்காலம் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அழகம்மா நம்பவில்லை.

"கல்யாணத்துக்கு ஆசுபத்திரி எதுக்குங்குறேன்?"

"ரத்தப் பொருத்தம் பாப்பாகளா இருக்கும். இப்ப ஜாதகத்தை விட அதைத்தான் பாக்குறாகளாம்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டா இவளுக்கு யாரு இருக்கான்னு நான் படுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். யாராச்சும் ஒரு நல்லவன், பேச்சைப் பெருசா எடுத்துக்காதவன்..."

தவமணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

அழகம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு பொடி வரியைப் படித்ததற்கு இது கூலி என்றால், நான் தூக்கிய மூட்டைகளுக்கெல்லாம் கூலியே கொடுக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அழகம்மா தவமணிக்குத் தலைக்கு ஊற்றினாள். வழக்கமாகத் தவமணி விடமாட்டாள். இன்று உட்கார்ந்தாள். சிக்கு எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

பென்சிலைக் காணவில்லை. வீடு முழுதும் தேடிவிட்டேன். குடோன் பேனாவில் எழுதுகிறேன். பேனாவில் தப்பு எழுதினால் அழிக்க முடியாது. பயமாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

இன்று நடந்ததை எழுத எனக்கு எழுத்து போதாது. தெரிந்தவரை எழுதுகிறேன்.

மூன்று பேரும் காலையிலேயே ஆசுபத்திரிக்குப் போனோம். தவமணி நீலச் சேலையில் இருந்தாள். தலையில் மல்லிகை. ஒன்பதாம் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். இத்தனை பேருக்குக் கல்யாணம் ஆகவில்லையா என்று நினைத்தேன். அதில் ஒருவர் எங்கள் சந்தைத் தரகர் ஒச்சப்பன். ஏலத்தில் அவர் விலை கூவினால் தாராபுரம் ரோடு வரை கேட்கும். அவருக்குப் பேரப்பிள்ளையே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் சந்தையில் வணக்கம் வைப்பது போலவே வைத்தார். நானும் வைத்தேன்.

நர்சம்மா கேட்டார்: "யாருக்குப் பாக்கணும்?"

"எம்மகளுக்குத்தாம்மா" என்றாள் அழகம்மா. "வசதி வேண்டாம். குடிக்காதவனா, கை நீட்டாதவனா ஒருத்தனைப் பாத்துச் சொல்லுங்க."

நர்சம்மா விழித்தார். "என்னம்மா சொல்றீங்க? இது மனசுக்குப் பாக்குற எடம்."

பெஞ்சில் ஒரு பெரியவர், "தாயி, அப்படியே எனக்கும் ஒரு பொண்ணு பாக்கச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அறைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தேன். 'மனநலப் பிரிவு.' சுழிகளை எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டுதான். மடியில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இரண்டுதான்.

அழகம்மாவின் முகம் கறுத்துவிட்டது. தவமணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிடி, போவோம். நாம என்ன பைத்தியமா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் மட்டும், "அக்கா, சீட்டுப் போட்டாச்சுல்ல. உக்காருங்க" என்றார். சின்னக் குரலில் சொன்னார். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

தவமணி எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழகம்மா இழுத்தாள். அவள் வரவில்லை. நான் மூட்டை தூக்கினவன். ஒரு பிடியைப் பார்த்தால் அது எப்படிப்பட்ட பிடி என்று எனக்குத் தெரியும். அது பயந்தவள் பிடி இல்லை. சுமையைத் தூக்கப் போகிறவன் குனிந்து பிடிப்பானே, அந்தப் பிடி.

அழகம்மாவும் அதைப் பார்த்தாள். கையை விட்டுவிட்டாள்.

உள்ளே டாக்டரம்மா, "உங்க பேரு என்னம்மா?" என்று தவமணியைக் கேட்டார். பதில் இல்லை. டாக்டரம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே அத்தனை கூட்டம் இருக்க, என் மகளுக்காக ஒருவர் சும்மா காத்திருந்தார். இதற்கு முன்னால் யாரும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நாங்களும் காத்திருந்ததில்லை.

பிறகு எங்களிடம் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். "அமைதியான புள்ளைங்க" என்றாள் அழகம்மா. கொஞ்சம் பொறுத்து, "பத்தாவது முடிச்சுட்டு கமிசன் கடையில பில்லு எழுதிக்கிட்டிருந்தா. நல்லாத்தான் இருந்தா. ஒருநா மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டா. அப்புறம் போகல. கோயிலு கோயிலா கூட்டிப்போனோம்" என்றாள். அவள் இதை வெளி ஆளிடம் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு சாத்தினதும் அழகம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், படிச்சுட்டேன் படிச்சுட்டேன்னு குதிச்சியே, எங்க கொண்டாந்து விட்டிருக்க பாத்தியா? மாப்பிள்ளை கேட்டு ஊரு சிரிக்க நின்னேனே! ஒன் படிப்புல..."

பாதியில் நிறுத்திவிட்டாள். கதவுக்கு உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது, டாக்டரம்மா குரல். அது நின்று, இன்னொரு குரல் கேட்டது போல இருந்தது.

இருவரும் கதவுப் பக்கம் காதை வைத்தோம்.

ஜூன் 27, வெள்ளி

அழகம்மா என்னிடம் பேசவில்லை.

இது ஒரு நோய், சாமி குத்தம் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாத்திரைக்குக் காசு வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

அழகம்மா மாத்திரைகளைச் சாமி படத்துக்குப் பின்னால் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாள். கொடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. இன்று காலை எடுத்துப் பார்த்தேன். சாப்பிட வேண்டிய மாத்திரைகள் சரியாகக் குறைந்திருந்தன. நான் கொடுக்கவில்லை. அழகம்மாவும் இல்லை என்று தலையாட்டினாள். முக்காலி மட்டும் சாமி படத்துக்குக் கீழே இருந்தது.

அழகம்மா படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரைகளை எடுத்து, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பையும் வைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

காலையில் அழகம்மா மறுபடியும் மல்லிகை வாங்கி வந்தாள். "இப்ப எதுக்கு?" என்றேன்.

"கல்யாண ஆபீசுக்குத்தானே போறோம்?" என்றாள். "பக்கத்து வீட்டுல அப்படித்தான் சொல்லிவச்சிருக்கேன்."

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே கேட்டாள்: "என்னக்கா, எடம் ஏதும் அமைஞ்சுச்சா?"

"பேசிக்கிட்டிருக்காக" என்றாள் அழகம்மா.

தவமணியின் வாய்க்கோடி லேசாக அசைந்தது. சிரிப்பு என்று எழுதப் பயமாக இருக்கிறது. பேனாவில் எழுதுகிறேன் அல்லவா?

ஜூலை 29, செவ்வாய்

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். "லைட்டைப் போடவாப்பா?" என்று ஒரு குரல் கேட்டது.

அழகம்மாவின் குரல் இல்லை. அவள் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேரும் இருட்டில் இருந்தோம். பிறகு தவமணி தானே எழுந்து போய் லைட்டைப் போட்டாள்.

அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று நாளாக மறுபடி சுவரைப் பார்க்கிறாள். வெங்காயம் உரிக்கவில்லை. ஏற்றமும் இறக்கமும் இருக்கும், மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருக்கிறார். அழகம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் சுவரைப் பார்த்தாள். சும்மா காத்திருந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெங்காயச் சருகைப் பெருக்கும்போது கூடைக்கு அடியில் என் பென்சில் கிடைத்தது.

நோட்டு முடியப் போகிறது. எழுதுவதே எனக்குப் பெரும்பாடு என்பதால் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. இன்று முதலிலிருந்து படித்தேன். நான் எழுதியதை நானே படிப்பது, என் முதுகை நானே பார்ப்பது போல இருந்தது.

ஜூன் 18-க்கு வந்தேன். 'மணநல ஆலோசனை' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த மூன்று சுழியின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு. அதற்கு மேலே சின்னதாக, அழகாக, ன. டீச்சரின் எழுத்து இப்படி இருக்காது. கடைசிச் சுழியிலிருந்து கோட்டை நீட்டி இறக்குகிற எழுத்து இது, பில் எழுதுகிறவர்கள் கைவேகத்தில் இழுப்பது போல.

அடுத்த வரியில் இருந்த மணநலத்திலும் அதேபோல் கோடு. அடுத்துத் திருமணம். அதில் கை வைக்கவில்லை. அது சரி என்பதால் விட்டிருக்கிறாள்.

பென்சில் காணாமல் போனது ஜூன் 24. ஆசுபத்திரிக்குப் போனது ஜூன் 26.

எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. அழகம்மாவுக்குத் தெரியாது. தலைக்கு ஊற்றிக்கொண்டு, நீலச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாளே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அழகம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது அவ எழுத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். படிக்கத் தெரியாதவள் அந்த ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்கவே இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். என் விரலை யாரும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொன்னபடி நிலோபர் வந்தார். அதே கேள்விகள். இந்த முறை, யாருகூடயும் பேசாம என்ற கேள்வியை அழகம்மா முடிக்க விட்டாள். "இருந்துச்சு தாயி. பல வருசமா இருந்துச்சு. இப்ப வைத்தியம் பாக்குறோம்" என்றாள்.

நிலோபர் நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு முன்னாடி ஏம்மா போகல? தூரமா, செலவா, எங்க போறதுன்னு தெரியலையா, இல்ல வெக்கமா?"

"வெக்கம்னு போட்டுக்க."

"அப்புறம் எப்படிப் போனீங்க? யாராச்சும் சொன்னாங்களா?"

"எழுத்துப் பிழை" என்றேன்.

"ஐயா?"

முழுக் கதையையும் சொன்னேன். மாப்பிள்ளை கேட்ட இடத்தில் நிலோபர் வாயைப் பொத்திக்கொண்டார். அழகம்மாவும் சிரித்தாள். "இதுல எழுத்துப் பிழைக்குக் கட்டம் இல்லீங்களே ஐயா" என்றார். பிறகு 'மற்றவை' என்ற இடத்தில் அதை எழுதிச் சேர்த்தார். இத்தனை ஊர், இத்தனை ஆயிரம் வீடு, அதில் ஒரு வீடு ஒரு சுழி கூடியதால் போய்ச் சேர்ந்தது என்று இனி அந்தக் கணக்கில் இருக்கும்.

"போன தடவை சொன்னதெல்லாம் சரியா இருக்கான்னு ஒருதரம் வாசிக்கிறேன்" என்றார். "வீட்டுல மொத்தம் மூணு பேரு. வாடகை வீடு. காப்பீட்டு அட்டை இருக்கு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தரு."

கதவுக்குப் பின்னால் கத்தி நின்றது.

"ரெண்டு" என்றாள் தவமணி.

நிலோபர் திருத்திக்கொண்டார். நான் எழுந்து உள்ளே போய் நோட்டையும் பென்சிலையும் எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு. இந்தச் சொல்லில் வருவது மூன்று சுழி. நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் கேட்டேன்.